பொய்த்த போருக்குப் போட்ட சோறு

அருகே வாருங்கள் சாமிகளா. பாயை இன்னும் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைச் சற்று நேரம் கவிழ்த்து வையுங்கள், அது எங்கேயும் ஓடிப் போய்விடாது. நன்றி சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற ஒருத்தியின் கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நன்றி கெட்டவள் என்று ஊர் அவளைப் பேசியது. ஆனால் அவளைப்போல் நன்றி சொன்னவள் அந்தப் பக்கத்திலேயே இல்லை. அதெப்படி என்று இப்போதே கேட்காதீர்கள். கூடவே வாருங்கள், தெரியும்.

அவள் பெயர் ரஞ்சிதா. வெண்ணந்தூரைத் தாண்டி உள்ளே போகிற மண்சாலையில், மேட்டாங்காட்டில் அவள் வீடு. புருஷன் மோகன்குமார் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவன். திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத தேசம் ஏது? அவனும் மத்தியப் பிரதேசத்துப் பக்கம் போய்ப் போர் போட்டுக்கொண்டு, ஆடிக்கும் பொங்கலுக்கும் வந்து போவான். காடு, மாடு, வெங்காயப் பாத்தி எல்லாம் ரஞ்சிதாவின் கையில்.

நம் பக்கத்தில் யாரும் வாயைத் திறந்து நன்றி என்று சொல்வதில்லை, பார்த்திருக்கிறீர்களா? அது மேடைச் சொல். நாம் சொல்வது, "நல்லா இருங்க சாமி." ரஞ்சிதா அதை நாள் முழுக்கச் சொல்கிறவள். மாட்டைக் கறந்து முடித்ததும் அதன் முதுகில் தட்டி, "நல்லா இரு மகராசி" என்பாள். பால் வண்டிக்காரருக்கு ஒரு முறை, கீரைக்கட்டைத் தூக்கி உள்ளே வைத்த பஸ் கண்டக்டருக்கு ஒரு முறை. கண்டக்டர்கூட ஒருநாள், "ஏனுங்க அக்கா, டிக்கெட்டு எடுத்துட்டும் வாழ்த்தறீங்களே, ஓசியில வந்தா என்ன பண்ணுவீங்க" என்று கேட்டார். "பஸ்சையே வாழ்த்துவனுங்க" என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. அது அவள் புருஷனின் அண்ணன் காளியப்பன் வீட்டு வாசல்.

மாமனார் காலத்துக் கிணறு ஒன்று இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. பத்திரத்திலும் சரிபாதிதான். ஆனால் மோட்டார் ஓட வேண்டுமென்றால் மின்பெட்டியில் மூன்று பீஸ் கட்டைகளைச் சொருக வேண்டும். வெள்ளைப் பீங்கானில் செய்த, உள்ளங்கையில் அடங்குகிற சாமான். திருட்டுப் போய்விடும் என்று சொல்லிக் காளியப்பன் அவற்றைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வார். ரஞ்சிதா தன் முறையன்று காலையில் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் டீயைக் குடித்து முடிப்பார். பேப்பரை மடிப்பார். பிறகு கட்டைகளை எடுத்து நீட்டுவார். நீட்டிய கையை உடனே விட மாட்டார்.

"என்ன அம்மிணி, ஒண்ணுஞ் சொல்லாம வாங்கறே?"

"உங்க தயவுங்க மாமா."

"ஆங். அது."

அந்த மூன்றெழுத்துத் தயவை வாங்கிக்கொண்டுதான் அவர் கையை விடுவார். தன் பங்குத் தண்ணீருக்குத் தான் ஏன் தயவு சொல்ல வேண்டும் என்று ரஞ்சிதா கல்யாணமாகி வந்த புதிதில் புருஷனிடம் கேட்டாள். "ஒரு வார்த்தைதான, சொல்லிட்டுப் போ. அண்ணன் மனசு குளுந்துரும்" என்றான் மோகன்குமார். அவள் சொன்னாள். சொல்லிச் சொல்லி வாய் பழகிப் போனது, மனது பழகவில்லை.

போன சித்திரையில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் நாலு ஒறம்பரையை, சொந்தக்காரர்களை, வைத்துக்கொண்டு காளியப்பன், "எந்தம்பி எங்கியோ ரோட்டுல கிடக்கறான். பொண்டாட்டி நம்ம கெணத்துத் தண்ணியில பொழைக்கறா. கேட்டுப் பாருங்க, ஏம்மிணி?" என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கையில் ரசவாளியோடு நின்ற ரஞ்சிதா, "உங்க தயவுங்க மாமா" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வளையலை அடகு வைக்கக் கழற்றினாள். சொந்தமாக ஒரு போர் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியும் கம்ப்ரஸர் வண்டியும் விடியும்போதே வந்துவிட்டன. வண்டி மேனேஜர் வேல்முருகன், முப்பது வயது இருக்கும், எதற்கெடுத்தாலும் வண்டியைத் தொட்டுக் கும்பிடுகிற பையன். கூட வந்த வேலையாட்கள் சத்தீஸ்கர் பக்கத்துப் பிள்ளைகள். அதில் சுக்ராம் என்பவனுக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வரும்.

ரஞ்சிதா கருப்பணாரை வேண்டிக்கொண்டாள். கூண்டில் செவலைச் சேவல் ஒன்று நின்றது. "தண்ணி வந்தா அது உங்களுக்குங்க சாமி" என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள். துண்டுகள், மஞ்சள், பூ, எல்லாம் ஒரு முறத்தில் தயாராக இருந்தன.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போரில் தண்ணீர் பீறிட்டால் காட்டுக்காரர், அதாவது நிலத்துக்காரர், வீட்டில் ரிக் ஆட்களுக்குப் பூப்போட்டு, துண்டு போர்த்தி, கறிச்சோறு போடுவார்கள். அன்றைக்கு அவர்கள் மாப்பிள்ளைகள். பொய்த்துப் போனால் அந்த ஊரில் வழக்கம் வேறு. ஒருவரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கத் தயங்குவார்கள். போய்விட்டு வாருங்கள் என்று ஒரு சொல் கிடையாது. இழவு வீட்டிலிருந்து போகிறவர்களைப்போல அவர்கள் துளை போடுகிற இரும்பு ராடுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட வேண்டும்.

காலை முழுக்க வண்டி முழங்கியது. ஒவ்வொரு ராடாக மண்ணுக்குள் போனது. முதலில் செம்மண் பொடி பறந்தது, பிறகு வெள்ளைப் பொடி, பிறகு சாம்பல் நிறத்தில் கருங்கல் பொடி. அந்தக் கருங்கல் பொடி மட்டும் மாறவே இல்லை. ஆட்கள் தலை, புருவம், இமை எல்லாம் மாவு தடவியதுபோல் ஆகிவிட்டது. ஒறம்பரைகள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கவலை இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லவில்லை.

வெயில் தலைக்கு மேல் வந்தபோது வேல்முருகன் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு ரஞ்சிதாவிடம் வந்தான்.

"அக்கா, இதுக்கு மேல எறக்குனா எங்களுக்குக் காசு ஏறும். உங்களுக்குத் தண்ணி வராதுங்க. பொடி மாறவே இல்ல. நிறுத்திக்கலாங்க."

"கொஞ்சங்கூட ஈரம் இல்லையா?"

"ராடு நுனியிலகூட ஈரம் இல்லீங்க அக்கா. நான் பொய் சொல்லி இன்னும் நாலு ராடு எறக்கலாம். எறக்க மாட்டேன்."

ரஞ்சிதா போர்க்குழியின் பக்கத்தில் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கீழே இருந்து சூடான காற்று மட்டும் முகத்தில் அடித்தது. அழவில்லை. நிமிர்ந்தபோது நிழலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் யாரையும் பார்க்காமல் ராடுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கும் வழக்கம் தெரியும். சுக்ராம் மட்டும் தாகத்தோடு தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அவன் அப்படித் திருப்பிக்கொண்டதைத்தான் ரஞ்சிதா பார்த்துவிட்டாள்.

நேராகக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள். "குடி சாமி. எல்லாரும் குடிங்க. ராடு கழட்டி முடிச்சதும் யாரும் கிளம்பக் கூடாது. சாப்பிட்டுத்தான் போகோணும்."

பிறகு கூண்டைத் திறந்து செவலைச் சேவலைப் பிடித்தாள்.

"அது என்னத்துக்கு அம்மிணி?" என்றார் காளியப்பன்.

"கொழம்புக்குங்க மாமா."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவ்வளவு வேகத்தில் எழுந்தார்.

"சாமிக்கு நேந்து உட்ட சேவலு அது."

"தண்ணி வந்தாத் தாரேன்னு சொன்னனுங்க. எல்லாரும் கேட்டீங்க. வரல. வந்திருந்தா அவருது. அவருக்கும் எனக்கும் பேச்சு நேரா இருக்குதுங்க. நடுவுல நீங்க எதுக்குங்க?"

காளியப்பனின் மனைவி குஞ்சம்மாள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாங் கண்ணு. பொய்த்த போருக்குச் சோறு போட்டா அந்தக் காட்டுல மழையே பெய்யாதும்பாங்க. அவிங்க போகட்டும். அவிங்களும் எதிர்பார்க்கல."

"எதிர்பார்க்கலீன்னு தெரியுதுங்க அக்கா. அதுதான் எனக்குப் பொறுக்கல."

"அவன் பாறையில ஓட்டை போட்டுட்டுப் போறான். உனக்கு என்ன குடுத்தான்னு அவனுக்கு விருந்து?" என்றார் காளியப்பன்.

"விடியக்காலையில இருந்து என்ற காட்டுல நின்னு புழுதி குடிச்சாங்க. தண்ணி இல்லீன்னு தெரிஞ்சதும் உள்ளதை உள்ளபடி சொன்னாங்க. தண்ணியை ஒளிச்சு வெச்சது அவிங்களா? மண்ணுக்குள்ள இல்லாததுக்கு மனுசன் என்ன பண்ணுவான்?"

"இன்னைக்கு நீ அவிங்களுக்கு இலை போட்டே, நாளையில இருந்து நம்ம கெணத்து மோட்டார் உனக்கு ஓடாது. சொல்லிட்டேன்."

அது சும்மா மிரட்டல் இல்லை சாமிகளா. அங்கே நின்ற எல்லோருக்கும் ரஞ்சிதாவின் வெங்காயப் பாத்தி கண்ணுக்குத் தெரிந்தது. சின்ன வெங்காயம் காய் பிடித்துத் திரளுகிற பருவம். இரண்டு முறை தண்ணீர் தவறினால் தாள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். போர் பொய்த்துவிட்டது. இனி அந்தக் கிணறுதான் அவளுக்குக் கதி. அவர் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. சேவலைக் கூண்டில் விட்டுவிட்டு, பேசாமல் உள்ளே போனால் போதும்.

சேவல் சிறகை அடித்துக்கொண்டது. அவள் பிடியை விடவில்லை.

"உங்க இஷ்டங்க மாமா" என்று சொல்லிவிட்டு அரிவாள்மணையை எடுக்கப் போனாள்.

காளியப்பன் நேராக மோட்டார் ரூமுக்குப் போய் மூன்று பீஸ் கட்டைகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதைத் தட்டிக் காட்டிவிட்டுத் தன் வீட்டைப் பார்க்க நடந்தார்.

குழம்பு கொதித்தது. வேப்பமரத்தடியில் இலை போட்டாயிற்று. இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். வேலையாட்கள் உட்கார மாட்டேன் என்றார்கள்.

வேல்முருகன் தலையைச் சொறிந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பொய்த்த போர்ல கை நனைக்கறது எங்களுக்கும் ஆகாதுங்க. அடுத்து போர் போடற பாயிண்டும் வத்திப் போயிரும்பாங்க."

"வயித்தைக் காயப் போட்டுட்டுப் போனா அடுத்த பாயிண்ட்ல தண்ணி வந்துருமா? இதுக்கு முன்ன எத்தனை காட்டுல பட்டினியாப் போயிருக்கே, அத்தனையும் ஊத்தா அடிச்சுதா?"

வேல்முருகன் யோசித்தான். "இல்லீங்க."

"அப்பறம் உக்காரு."

உட்கார்ந்தார்கள். முதலில் இலையைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்து, குனிந்துகொண்டு தின்றார்கள். பசி வெட்கத்தைத் தின்றுவிட்டது. சுக்ராம் நிமிர்ந்து, "அக்கா, மொளகா இருக்கா?" என்றான்.

"ஏஞ்சாமி, கொழம்புல காரம் பத்தலையா?"

"பச்ச. கடிக்க."

"ராசிபுரத்துக்காரியோட கொழம்புக்குக் காரம் பத்தலைன்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடி பச்சை மிளகாயைக் கொண்டுவந்து கொட்டினாள். அவன் கடித்தான். கண்ணில் நீர் வந்தது, நிறுத்தவில்லை. கூட இருந்தவர்கள் அவனைத் தங்கள் பாஷையில் கேலி செய்தார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே ரஞ்சிதாவும் சிரித்தாள்.

சாப்பிட்டு எழுந்ததும் ஒவ்வொருவருக்கும் துண்டு போர்த்தினாள். வேல்முருகன் துண்டைக் கையில் எடுத்து மடித்து மடித்துப் பிரித்தான். "எட்டு வருசமா வண்டியில இருக்கறனுங்க. தண்ணி வந்த காட்டுல நிறையத் துண்டு வாங்கிருக்கறேன். அது தண்ணிக்குப் போட்டது. இது எங்களுக்குப் போட்டது" என்றான்.

"நல்லா இருங்க சாமிகளா. பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள் ரஞ்சிதா. பொய்த்த போருக்கு வந்தவர்களிடம் அந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னவள் அவள்தான் முதல்.

அன்று சாயங்காலமே மோகன்குமார் போன் பண்ணிவிட்டான். காளியப்பன் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே ரஞ்சி? அண்ணன் கொதிச்சுப் போயிருக்குது. காலையில போயி ஒரு வார்த்தை சொல்லீரு. வெங்காயம் போயிருமில்ல."

"நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க அங்க போடற போர் பொய்த்துப் போனா உங்களுக்குச் சோறு யாரு போடுவாங்க?"

அவன் பக்கம் லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"ஒருக்கா ஒரு அம்மா ரொட்டி குடுத்துச்சு" என்றான் கடைசியில். "மத்தபடி டேங்க் தண்ணியைக் குடிச்சுட்டு வண்டியை எடுத்துருவோம்."

"அந்தம்மா நல்லா இருக்கோணும்."

"ம்." பிறகு அவன் குரல் மாறியது. "சரி. நான் ஒண்ணும் சொல்லல. நீ பாத்துக்க."

மறுநாள் அவள் முறை. காளியப்பன் வாசலில் போய் நின்றாள். அவர் டீயைக் குடித்தார். பேப்பரை மடித்தார். அன்றைக்கு இன்னும் மெதுவாக மடித்தார்.

"கருப்பணார் கோயிலுக்கு வா. சாமி முன்னால, ஊர் முன்னால, தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு. அப்பறம் எப்பவும் எங்கிட்டச் சொல்றதைச் சொல்லு. கட்டையைத் தாரேன்."

"தெரிஞ்சுதானுங்க மாமா பண்ணினேன். தெரியாமப் பண்ணிட்டேன்னு சாமி முன்னால பொய் சொல்லவா?"

"அப்ப தண்ணியில்ல."

"தண்ணி என்ற பங்குங்க."

"இத்தனை வருசமா என் தயவுலதான வாங்கிட்டுப் போனே. உன் வாயாலதான சொன்னே."

"சொன்னனுங்க. நீங்க கையை உடாமப் புடிச்சிருந்தீங்க, சொன்னேன். நேத்து ரிக் வண்டிக்காரங்களுக்குச் சொன்னேன் பாருங்க, அதை யாரும் எங்கிட்டப் புடுங்கல. ரெண்டும் ஒண்ணுல்லீங்க மாமா. இனிமே உங்களுக்கு அந்தச் சொல்லு இல்ல."

காளியப்பன் சட்டைப் பையைத் தட்டினார். "பாக்கலாம், எத்தனை நாளைக்கின்னு."

அந்த முறை போயிற்று. வெயில் காய்ந்தது. ரஞ்சிதா குடத்தில் மொண்டு ஓரப் பாத்திக்கு ஊற்றிப் பார்த்தாள். மண் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தாள் நுனிகள் சுருளத் தொடங்கின. அன்று சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து மோட்டார் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் மின்பெட்டியைத் திறந்தாள். மூன்று கட்டைகளும் இருந்த இடம் மூன்று பல் விழுந்த வாயைப்போல் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்ததும் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அந்தக் கட்டை காளியப்பன் வயிற்றில் பிறந்ததா என்ன? எங்கேயோ ஒரு கடையில் வாங்கியதுதானே?

பாருங்கள் சாமிகளா, நம் ஆட்கள் செய்கிற தப்பை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பீங்கான் துண்டு வேறெங்கே கிடைக்கும் என்று தம்பி கேட்கவில்லை, தம்பி பெண்டாட்டி கேட்கவில்லை, ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் கையில்தான் கட்டை இருக்கும், போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஒருவர் கையிலேயே ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அவர் கை விரல்களில் ஒன்று என்று ஆகிவிடுகிறது.

அடுத்த முறையன்று விடிந்ததும் ராசிபுரம் பஸ்ஸைப் பிடித்தாள். மின்சாமான் கடை திறக்கும் வரை படியில் காத்திருந்தாள்.

"மூணு பேஸ் மோட்டாருக்குப் பீஸ் கட்டை இருக்குதுங்களா?"

கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை விட்டு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே வைக்கோலுக்குள் முட்டை அடுக்கியதுபோல் வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருந்தது.

"எத்தனைங்க அம்மா?"

ரஞ்சிதா பெட்டியையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. இத்தனை தயவும் இங்கயா வெச்சிருக்கறீங்கன்னு பாத்தேன்" என்றாள். "நல்லா இருங்க சாமி."

முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு முன்னால் மோட்டார் ரூமுக்குள் போனாள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டாள். மெயினை அணைத்தாள். ரிக் வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியாதா? மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்திச் சொருகினாள். மெயினைப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் பாடியது.

வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த காளியப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முதலில் செய்தது என்ன தெரியுமா? சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மூன்றும் இருந்தன. பிறகுதான் செருப்பைக்கூட மறந்து எழுந்து வந்தார். பாலூற்றிவிட்டுத் திரும்புகிறவர்களும், ஆடு ஓட்டிப் போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். குஞ்சம்மாள் புல்லுக்கட்டோடு பின்னால் வந்தாள்.

"யாரு குடுத்தது உனக்கு?"

"ராசிபுரத்துக் கடைக்காரருங்க."

"நான் குடுக்காம நீ எப்படிப் போட்டே?"

"பஸ்சுல போயி வாங்கியாந்து போட்டனுங்க மாமா."

ஆட்டுக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார். காளியப்பன் உள்ளே பாய்ந்து மின்பெட்டியின் பக்கம் கையை நீட்டினார். ரஞ்சிதா மறிக்கவில்லை. கதவோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

"புடுங்குங்க. மெயினை அணைச்சுட்டுப் புடுங்குங்க, கை பத்திரம். நாளான்னிக்கு வேற வாங்கியாருவேன். அதையும் புடுங்குங்க. கடையில பெட்டி பெட்டியா வெச்சிருக்கறாங்க. உங்க முறையில நான் ஒருநாளும் புடுங்க மாட்டேன். என்ற முறையில நான் ஒருநாளும் கேக்க மாட்டேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிடுங்கினால் திரும்பி வரும் என்று தெரிந்த பொருளைப் பிடுங்கி என்ன செய்வது? அவர் கை மெல்லக் கீழே வந்தது. வெளியே வாய்க்காலில் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு பாத்தியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு சொல்லு சொன்னா உன் வாய் வலிக்குமா அம்மிணி?" என்றார். இந்த முறை அதட்டலாக வரவில்லை. குழந்தை கேட்பதுபோல் வந்தது. "இத்தனை பேரு பாக்கறாங்க. கெணறு எங்கப்பன் வெட்டினது."

"மாமனாருக்குச் சொல்றனுங்க. மனசாரச் சொல்றேன். ஆனா அவரு கூலி குடுத்தாரு. வெட்டினது யாருங்க? பேரு சொல்லுங்க, அவிங்களுக்கும் சொல்றேன்."

காளியப்பன் கிணற்றுப் பக்கம் கையை வீசினார். "ஆளுங்க வந்து வெட்டினாங்க. யாருக்குத் தெரியும்?"

"பாவாயி" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். குஞ்சம்மாள் புல்லுக்கட்டைக் கீழே போட்டிருந்தாள்.

"நான் கண்ணாலமாயி வந்த வருசம் கெணத்தை ஆழப்படுத்துனாங்க. அவ புருசன் கீழ பாறை ஒடைப்பான். இவ கல்லைத் தலையில சுமந்து ஏறுவா. வெட்டிட்டிருக்கற கெணத்துல படி இருக்காது, மரக்கட்டையிலதான் ஏறுவா. நிறைமாசம் அவளுக்கு. நான் ஒரு நாளு மோரு கொண்டுபோனேன். உங்கம்மா, வேலைக்காரங்களுக்கு என்னத்துக்கு மோருன்னு சொம்பைப் புடுங்கி வெச்சுட்டாங்க. நான் ஒண்ணுஞ் சொல்லல. புது மருமவ என்ன சொல்றது? அவ பேரு பாவாயி. நான் கேட்டு வெச்சுக்கிட்டேன்."

காளியப்பன் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

ரஞ்சிதா வாய்க்காலில் குனிந்து இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளினாள். "பாவாயி, நீ எங்க இருந்தாலும் நல்லா இரு தாயி. உன்ற புருசன் நல்லா இருக்கட்டும். உன்ற வயித்துல இருந்த புள்ள நல்லா இருக்கட்டும்" என்றாள். ஊர் கேட்கும்படி, மேடையில் நின்று சொல்வதுபோல் சொன்னாள். குஞ்சம்மாளும் பக்கத்தில் வந்து குனிந்து ஒரு கை அள்ளினாள். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சொம்பு மோருக்கு மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

காளியப்பன் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்த விருந்திலும் நன்றி கெட்டவள் என்றுதான் பேசினார். ஓரப் பாத்தி இரண்டு காய்ந்துதான் போயிற்று, மற்றதெல்லாம் பிழைத்துத் திரண்டது. ரஞ்சிதா இன்றைக்கும் தன் முறையில் தானே கட்டையைச் சொருகித் தானே மோட்டாரைப் போடுகிறாள். யார் வாசலிலும் நிற்பதில்லை. குஞ்சம்மாள் மட்டும் தண்ணீர் பாய்கிற நாளில் வரப்புக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவருகிறாள். அந்தச் சொம்பை யாரும் பிடுங்குவதில்லை.

சரி சாமிகளா, எழுந்து வீட்டைப் பாருங்கள். உங்கள் பங்கு உங்கள் வீட்டுக்கு யார் வாசலிலும் நிற்காமல் வந்து சேரட்டும். உங்களுக்காக வெயிலில் நின்றவர்களின் பெயர் உங்கள் வீட்டார் வாயில் இருக்கட்டும். கேட்டு வாங்காத நல்ல வார்த்தை உங்கள் பிள்ளைகளுக்கு நாலு திசையிலிருந்தும் கிடைக்கட்டும். அடுப்பும் ஆளும் நிறைந்து, வந்தவர் எல்லாம் கை நனைத்துப் போகிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.